கிஸ்பெப்டின் ஊசி வாங்கலாமா? குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கேட்டவருக்கு வயது 32, ஊர் குடியாத்தம், கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் குழந்தை இல்லை. மனைவிக்கு நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ். மாதவிலக்கு இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளிப் போகிறது. இவர் போன வருடம் உடம்பு ஏற்ற ஐந்து மாதம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருக்கிறார். இப்போது விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஊசி வாங்கிக் கொடுத்த அதே ஜிம் நண்பர், இப்போது 'கிஸ்பெப்டின்-10' என்று ஒட்டிய ஒரு பவுடர் குப்பியைக் காட்டி, "இது இயற்கையான பெப்டைட், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே போட்டுக்கலாம், ஹார்மோன் தானா சரியாகிடும்" என்கிறாராம். கூடவே ஒரு சந்தேகம்: மச்சினிச்சிக்கு எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்ளுறை போன்ற திசு வெளியே வளரும் நோய்) என்று வேலூரில் டாக்டர் மாதம் ஒரு லூப்ரோலைட் ஊசி போட்டார். அதுவும் பெப்டைட், அதுவும் மூளையிலிருந்து வரும் தூண்டு ஹார்மோனின் நகல் என்றார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பீரியட்ஸ் நின்றே போனது. தூண்டுகிற மருந்து எப்படி நிறுத்தும்?

வாங்காதீர்கள் தம்பி. இதுதான் சின்ன பதில். ஆனால் கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டீர்களே, அது லேசான கேள்வி இல்லை. அதைப் புரிந்துகொண்டால் அந்தக் குப்பி ஏன் வேண்டாம் என்பது தானாகவே விளங்கிவிடும். நான் டாக்டர் இல்லை. வேலூரில் ஓர் ஆய்வகத்தில் முப்பது வருடம் ஹார்மோன் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவள். மருந்து எழுதித் தர எனக்கு உரிமை கிடையாது. ஆனால் இந்த ஹார்மோன்களோடு எனக்குப் பழக்கம் அதிகம்.

பெப்டைட் என்றால் ஏதோ புது மருந்து என்று நினைக்க வேண்டாம். அமினோ அமிலங்களைப் பூக்கட்டுவதுபோல் வரிசையாகக் கோத்தால் பெப்டைட். சரம் நீண்டால் புரதம். பிரசவ வலி வரவைக்கப் போடும் ஆக்ஸிடோசினில் 9 அமினோ அமிலங்கள், இன்சுலினில் 51. இவற்றில் பெரும்பாலானவற்றை வாயில் போட்டு விழுங்கினால் வயிறு முட்டையையும் கறியையும் செரிப்பதுபோலச் செரித்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் ஊசியாக வருகின்றன. "இயற்கையானது" என்பதில் தனி மகிமை ஒன்றும் இல்லை. இன்சுலினும் இயற்கைதான், அளவு தவறினால் ஆளைச் சாய்த்துவிடும்.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி. அங்கிருந்து 10 அமினோ அமிலம் கொண்ட ஜிஎன்ஆர்எச் என்ற பெப்டைட் சுரந்து, ஒரு குட்டி இரத்தக் குழாய் வழியாகப் பிட்யூட்டரிக்குப் போகிறது. பிட்யூட்டரி உடனே எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. அவை பெண்ணுக்குச் சினைப்பையையும் ஆணுக்கு விதைப்பையையும் வேலை வாங்குகின்றன. இந்தப் பத்து அமினோ அமிலச் சரத்தைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமானது. ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளிலும், ரோஜர் கியெமன் ஆட்டு மூளைகளிலும் தேடினார்கள். ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்ற கடும் போட்டி. லட்சக்கணக்கில் ஹைப்போதலாமஸ் துண்டுகளை அரைத்து வடிகட்டித்தான் துளியூண்டு பொருள் கிடைத்தது. நம் ஊர்க் கறிக்கடைக்காரர் ஆயுள் முழுக்க வெட்டினாலும் அத்தனை தலை சேராது. 1971ல் அதன் அமைப்பு வெளியானது. 1977ல் மருத்துவ நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும், மீதிப் பாதி ரோசலின் யாலோவுக்கும் கிடைத்தது. கதிரியக்கத்தை வைத்து இரத்தத்தில் ஹார்மோனை அளக்க யாலோ கண்டுபிடித்த ரேடியோ இம்யூனோஅஸ்ஸே முறையில்தான் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் ட்யூப் ட்யூபாகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தேன். அந்தப் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, பத்து அமினோ அமிலம்தானே, தொழிற்சாலையில் செய்து ஊசியாகப் போட்டால் குழந்தையில்லாதவர்கள் எல்லோருக்கும் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றுதான் அன்றைக்கு நினைத்தார்கள். தீரவில்லை. ஏன் என்று காட்டியவர் எர்ன்ஸ்ட் நோபில். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் ரீசஸ் குரங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்தவர். குரங்கின் ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஜிஎன்ஆர்எச்சை நிறுத்திவிட்டு, வெளியிலிருந்து மணிக்கு ஒரு தடவை, சில நிமிடங்கள் மட்டும் கொடுத்துப் பார்த்தார். எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் பழைய நிலைக்கு வந்தன. அதையே இடைவெளி இல்லாமல் தொடர்ந்து சொட்டவிட்டார். இரண்டும் சரிந்து விழுந்தன. பொருள் அதேதான், மாறியது முறை மட்டும். 1978ல் வெளியான ஆராய்ச்சி அது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, எப்படித் தண்ணீர் கட்டுவீர்கள்? விட்டு விட்டுத்தானே? ஒரு தடவை கட்டி, மண் காய்ந்து, மறுபடி கட்டினால் காய் பிடிக்கும். "தண்ணீர் நல்லதுதானே" என்று மோட்டாரை நிறுத்தாமல் ஓடவிட்டால் வேர் அழுகிவிடும். பிட்யூட்டரியும் அப்படித்தான். ஜிஎன்ஆர்எச் தட்டும்போது திறக்கும். ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தால், அந்தத் தட்டலை வாங்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

உங்கள் மச்சினிச்சியின் ஊசி இந்தச் சூட்சுமத்தைத்தான் பயன்படுத்துகிறது. இயற்கையான ஜிஎன்ஆர்எச் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதன் ஆறாவது அமினோ அமிலத்தை மாற்றி, வால்பகுதியையும் திருத்தி, எளிதில் உடையாதபடி செய்ததுதான் லூப்ரோலைட். மாதம் முழுக்க மெதுவாகக் கசிகிற மாதிரி ஊசி போடும்போது, முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் ஏறும். சிலருக்கு அப்போது வலியும் இரத்தப்போக்கும் கூடி, "மருந்து ஒத்துக்கலை" என்று பயந்துவிடுவார்கள். அப்புறம் பிட்யூட்டரி அடங்கி, ஈஸ்ட்ரோஜன் குறைந்து, மாதவிலக்கு நிற்கும். எண்டோமெட்ரியோசிஸ் திசு ஈஸ்ட்ரோஜனைத் தின்றுதான் வளர்கிறது என்பதால் அதைப் பட்டினி போடுவதுதான் நோக்கம். உடம்பு திகுதிகுவென எரிவதும், நீண்ட நாள் போட்டால் எலும்பு பலவீனமாவதும் அதன் விலை. அதனால்தான் மாதக்கணக்குப் பார்த்து நிறுத்துவார்கள். நிறுத்தியபின் மாதவிலக்கு திரும்பும். அவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இதே வகை மருந்தை வயதுக்கு முன்பே பூப்படையும் சின்னக் குழந்தைகளுக்கும், பிராஸ்டேட் புற்றுநோய்க்கும் அடக்குவதற்காகப் போடுகிறார்கள். ஐவிஎஃப் என்ற சோதனைக் குழாய் குழந்தை சிகிச்சையில் ஒரே ஒரு தடவை போட்டு, முட்டையை முதிரவைக்கத் தூண்டவும் செய்கிறார்கள்.

இனி கிஸ்பெப்டின். பெயரைப் பார்த்து முத்தத்துக்கு ஏதோ மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். 1996ல் அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில், புற்றுநோய் பரவலைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஊரில் செய்யும் 'கிஸ்ஸஸ்' சாக்லேட் உலகப் பிரசித்தம். அதை வைத்துப் பெயரிட்டார்கள். நம் ஆள் ஒருவர் கண்டுபிடித்திருந்தால் ஆற்காடு மக்கன்பேடா பெயரை வைத்திருப்பார். 2003ல்தான் அதன் அசல் வேலை தெரிந்தது. கிஸ்பெப்டினை ஏற்கும் ஏற்பியில் பழுது உள்ள சிலருக்குப் பருவமே வரவில்லை என்று இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே கண்டன. ஜிஎன்ஆர்எச் பிட்யூட்டரியைத் தட்டுகிறது என்றேனே, அந்த ஜிஎன்ஆர்எச்சையே தட்டி எழுப்புவது கிஸ்பெப்டின். மேஸ்திரிக்கு மேஸ்திரி.

ஆகவே நண்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பொய்யை மட்டும் சொல்லி யாரும் வியாபாரம் செய்ய முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வால்ஜித் தில்லோ குழுவினர் 2005லேயே ஆண்களுக்குக் கிஸ்பெப்டின்-54 செலுத்தி, எல்எச் ஏறுவதைக் காட்டினார்கள். 2014ல் ஐவிஎஃப் சிகிச்சையில் முட்டை முதிர்வதற்கு அதே கிஸ்பெப்டின்-54ஐப் பயன்படுத்திக் குழந்தைகள் பிறந்ததை அதே கல்லூரியினர் வெளியிட்டார்கள். இது உங்கள் மனைவி போன்றவர்களுக்கு ஒரு நாள் உண்மையிலேயே உதவலாம். எப்படி என்றால், பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சினைப்பையில் குட்டிக் குட்டியாக நிறைய முட்டைப்பைகள் இருக்கும். ஐவிஎஃப்பில் வழக்கமாகப் போடும் எச்சிஜி (எல்எச் போலவே வேலை செய்யும் கர்ப்ப கால ஹார்மோன்) ஊசி நாள்கணக்கில் உடம்பில் நின்று அத்தனையையும் கிளப்பிவிட்டு, வயிற்றில் நீர் கோத்து, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுக்கும் நிலைகூட வரலாம். கிஸ்பெப்டின் சீக்கிரம் கரைந்துவிடும். அந்த ஆபத்து அதிகம் உள்ள 60 பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015ல் வெளியானது. ஒருவருக்கும் நடுத்தரமான அல்லது கடுமையான அளவில் இந்தச் சிக்கல் வரவில்லை.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அங்கே நடந்ததையும் ஜிம் குப்பியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பயன்படுத்தியது 54 அமினோ அமில நீளமுள்ள சரம். ஸ்கேன் எடுத்து, சரியான நாளில், சரியான மணியில் போட்டது. நண்பரிடம் உள்ளது 10 அமினோ அமிலத் துண்டு. அந்தக் கிஸ்பெப்டின்-10ஐயும் 2011ல் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். ஆண்களுக்கு இரத்தக் குழாயில் செலுத்தியபோது எல்எச் ஏறியது. பெண்களுக்கு மாதவிலக்குச் சுழற்சியின் முதல் பாதியில் தோலடியில் போட்டும், இரத்தக் குழாயில் போட்டும், தொடர்ந்து சொட்டவிட்டும் ஒன்றும் நடக்கவில்லை. முட்டை வெளிவரும் நாள் நெருங்கும்போது மட்டும் வேலை செய்தது. "ரெண்டு பேருமே போட்டுக்கலாம்" என்கிறாரே, அவரிடம் எந்த நாளில் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹைப்போதலாமஸ் சரியாகத் தூண்டாததால் மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்குக் கிஸ்பெப்டின்-54ஐத் தினம் இரண்டு வேளை போட்டுப் பார்த்தார்கள். முதல் நாள் எல்எச் எகிறியது. இரண்டு வாரத்தில் உடம்பு பழகிப்போய் அந்த எழுச்சி பெரும்பாலும் அடங்கிவிட்டது. மறுபடியும் மல்லாட்டைக் கதைதான். அதோடு, பிசிஓஎஸ் உள்ள பெண்களின் இரத்தத்தில் கிஸ்பெப்டின் ஏற்கெனவே சற்றுக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்களுக்கு ஜிஎன்ஆர்எச் துடிப்பு குறைவதில்லை, வேகமாகிவிடுகிறது. அதனால் எல்எச் கூடி, எஃப்எஸ்எச் போதாமல், முட்டை பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே வேகமாக ஓடும் வண்டிக்கு இன்னும் ஆக்சிலரேட்டர் எதற்கு?

உங்கள் மனைவிக்கு உதவக்கூடியது இதைவிடச் சாதாரணமானது, மலிவானது. முட்டை வளர உதவும் லெட்ரோசோல் மாத்திரை, மாதவிலக்கு வந்ததும் ஐந்து நாள். 750 பெண்களை வைத்து 2014ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், இதே வேலைக்கான பழைய மாத்திரை குளோமிஃபீனை எடுத்தவர்களில் 19 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோலை எடுத்தவர்களில் 27 சதவீதத்துக்கு மேலும் குழந்தை பிறந்தது. உடல் எடை கூடுதலாக இருந்தால் பத்தில் ஒரு பங்கு, ஏன் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே சிலருக்கு மாதவிலக்கு தானாகச் சீராகும். இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைட் எடைக் குறைப்பு ஊசியும் பெப்டைட்தான். பிசிஓஎஸ்ஸில் அதையும் ஆராய்கிறார்கள். ஆனால் அதைப் போட்டால், குழந்தைக்கு முயல்வதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். இதை டாக்டரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். எடை குறைந்ததும் எதிர்பாராமல் கரு தங்கிவிடுகிற பெண்களும் இருக்கிறார்கள்.

இனி உங்கள் விஷயம். மனைவிக்கு நீர்க்கட்டி என்றதும் வீட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணையே பார்த்திருப்பார்கள். உங்கள் ஐந்து மாத ஊசியை யாராவது கணக்கில் எடுத்தார்களா? வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், "வீட்டில் அரிசி நிறைய இருக்கிறது" என்று மூளை ஜிஎன்ஆர்எச்சை நிறுத்திவிடும். எல்எச், எஃப்எஸ்எச் விழும். விதைப்பைக்குள் விந்தணு உற்பத்தி நிற்கும். இது எவ்வளவு நம்பகமாக நடக்கும் என்றால், உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண் கருத்தடையாகச் சோதித்துப் பார்த்தது. 1990ல் வந்த அந்த ஆய்வில் வாரம் 200 மில்லிகிராம் ஊசி போட்ட 271 ஆண்களில் 157 பேருக்கு விந்தணு சுத்தமாக இல்லாமல் போனது. நீங்கள் போட்டது உடம்பு ஏற்றும் ஊசி என்று நினைத்தீர்கள். கருத்தடை ஊசி போட்டிருக்கிறீர்கள்.

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் திரும்பும். இப்படிப்பட்ட கருத்தடை ஆய்வுகளில் பங்கேற்றவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், ஊசி நிறுத்தி 6 மாதத்தில் 67 சதவீதம் பேருக்கும், 12 மாதத்தில் 90 சதவீதம் பேருக்கும் எண்ணிக்கை மீண்டது. ஜிம்மில் போடும் அளவு அதைவிடக் கூடுதலாகவும் கலப்படமாகவும் இருக்கலாம் என்பதால் இதை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் ஆகிறது. எனவே ஒரு செமன் டெஸ்டை வைத்து முடிவு கட்டாமல் மூன்று மாதம் விட்டு மறுபடி பாருங்கள். மீள்வது தாமதமானால் எச்சிஜி ஊசி போன்ற வழிகள் டாக்டரிடம் உண்டு. அவரிடம் ஜிம் ஊசியைப் பற்றி மறைக்காதீர்கள். எத்தனையோ பேர் அதைச் சொல்லாமல் விட்டு, காரணம் தெரியாத குறைபாடு என்று வருடக்கணக்கில் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

குப்பியின் தரத்தைப் பற்றி. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று சின்ன எழுத்தில் அதில் அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். மனிதருக்குப் போடுவதற்கு அது செய்யப்படவில்லை என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலம் அது. உள்ளே சரியான சரம்தான் இருக்கிறதா, பாதி அறுந்த சரமா, பாக்டீரியாக் கழிவு கலந்ததா என்று பார்த்துச் சொல்ல யாரும் இல்லை. அப்புறம் நம் ஊர் வெயில். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், கூரியர் வண்டிக்குள் தெர்மாகோல் டப்பா எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

இது வெறும் மிரட்டல் இல்லை. ஆக்ஸிடோசினை எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கை நிறுத்தும் முதல் மருந்து அது. 2லிருந்து 8 டிகிரிக்குள் வைக்காவிட்டால் வீரியம் குறையும். கரண்ட் நிற்காத ஃப்ரிட்ஜ் இல்லாத இடங்களில் அது பெரிய தலைவலி. வெப்பத்தைத் தாங்கும் கார்பெடோசின் என்ற அதன் நெருங்கிய உறவுக்காரப் பெப்டைடை, இந்தியா உட்பட 10 நாடுகளில் சுமார் 30,000 பெண்களிடம் சோதித்து, அதற்கு இணையாக வேலை செய்கிறது என்று 2018ல் உலக சுகாதார நிறுவனம் காட்டியது. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வேலூர் சிஎம்சி மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் டாக்டராக முடிவெடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. இங்கே ஒரு ஊசியின் வீரியம் என்பது எங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியாது. அதே ஆக்ஸிடோசினை மாட்டுக்குப் பால் இறங்கப் போட்டுப் போட்டு, கடைசியில் 2018ல் உள்நாட்டுப் பயன்பாட்டுக்குத் தனியார் யாரும் தயாரிக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணை போட, பிரசவத்துக்குத் தட்டுப்பாடு வந்துவிடும் என்ற வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ய வேண்டி வந்தது. கண்டவர் கையில் பெப்டைட் புழங்கினால் தேவைப்பட்டவருக்குக் கிடைக்காமல் போகும்.

நண்பர் 'பிடி-141' என்று இன்னொரு குப்பியையும் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அதன் மருந்துப் பெயர் பிரெமெலனோடைட். மாதவிலக்கு நிற்காத வயதில், தாம்பத்திய விருப்பம் குறைந்து அதனால் மனம் வருந்தும் பெண்களுக்கு 2019ல் அமெரிக்காவில் அனுமதித்த மருந்து. குழந்தைப்பேறுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பத்தில் நாலு பேருக்குக் குமட்டும்.

கடைசியாக, பரிசோதனைக்கு வரும்போது கவனிக்க வேண்டிய சில, என் தொழில் சார்ந்தவை. எல்எச் துடித்துத் துடித்துச் சுரப்பதால் ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ரொம்ப வருடம் முன்பு, ஒரு பெண்ணின் எல்எச் வானத்துக்கு ஏறியிருந்தது. மாதிரி மாறிவிட்டதா, கிட் கெட்டுப்போனதா என்று நான் மூன்று தடவை திரும்பச் செய்தேன். அவள் கர்ப்பமாக இருந்தாள். அந்தக் காலத்து எல்எச் கிட்டுக்கு எச்சிஜிக்கும் எல்எச்சுக்கும் வித்தியாசம் தெரியாது, இரண்டும் அவ்வளவு ஒத்த உருவம். இப்போதைய கிட்கள் அப்படி ஏமாறுவதில்லை. வேறு மாதிரி ஏமாறும்: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களின் ஹார்மோன் எண்கள் சில கருவிகளில் தாறுமாறாக வரும். உங்கள் மனைவி சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சாப்பிட்டால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள். உங்களுடைய டெஸ்டோஸ்டிரோனுக்கு இரத்தம் காலை பத்து மணிக்குள் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், பொழுது ஏற ஏற அது குறையும். குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தால் வரிசை நீள்வதற்குள் வந்துவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள், இரத்தம் கொடுத்ததும் சாப்பிட இட்லி கட்டிக்கொண்டு வாருங்கள், ஜிம்மில் போட்ட ஊசியின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள்.